தொய்வு

அடிபட்ட இடம் என்ற கட்டத்தில்
வீடு என்று எழுதச் சொன்னாள் நம்புசெல்வி.
அடுப்படியில் வழுக்கி விழுந்தாளாம்.

டம்ளர்ப் பாலின் அடியிலிருந்து நான் எடுத்த பல்லில்
நகக்கண் அளவு ஒட்டியிருந்தது
மரிக்கொழுந்துப் பாசி.
தீவுப் பக்கம் பாசிக்குப் போனால்
யார் வந்து படகைப் பிடிப்பார்கள் என்று
மண்டபத்தில் தெரியாதவர் இல்லை.
வீடு என்றே எழுதினேன்.

எனக்கு வேண்டியது இடமல்ல, நேரம்.
எத்தனை மணிக்கு?

"மூச்சு முட்டி மேல வந்தேன்,
வள்ளத்து விளிம்பு..."
"அடுப்புத் திண்டு" என்றாள்
கூட வந்த நாத்தனார் ராக்கு.

ஐம்பது நிமிடம்.
பாம்பன் பாலத்தில் லாரி மறித்தது பத்து.
மீதியெல்லாம் கடல்.

வாயில் அடக்கி வந்திருக்கலாம்,
மயக்கத்தில் விழுங்கிவிடுவாளோ என்று பயம்.
கடல் தண்ணியில் ஒரு முக்கு முக்கி
சீலை முந்தானையில் முடிந்துகொண்டாள் ராக்கு.
கரை ஏறியதும் பிரித்துப் பார்த்தால்
வேரில் என்னவோ சவ்வு,
செதில் மாதிரி.
இத்தனை வருடம் மீன் ஆய்ந்த கை
சும்மா இருக்குமா?
நகத்தால் ஒரு பக்கம் சுரண்டி முடித்து
மறுபக்கம் திருப்பும்போது
டீக்கடை சீனி இபுராகிம் அலறியிருக்கிறார்:
தேய்க்காதே, பாலில் போடு, பச்சைப் பாலில்.
போன வருடம் அவர் மகள்
பள்ளிக்கூடத்துப் படியில் விழுந்தபோது
நான் கத்தியது அது.
வார்த்தை மாறாமல் வந்திருக்கிறது.

செதில் இல்லை அக்கா, உயிர் அதில்தான்
என்று சொல்ல வந்தேன்.
ராக்குவின் விரல்கள்
இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன.
பஞ்சு எடுத்துக் கொடுங்கள் என்றேன்.

தலையைப் பிடித்து, வேரைத் தொடாமல்,
உப்புநீரில் அலசி,
குழியில் உறைந்த ரத்தத்தைக் கழுவி
மெல்ல அழுத்தினேன்.
போய் உட்கார்ந்தது,
வீட்டுக்குத் தாமதமாக வந்த ஆள்
சத்தமில்லாமல் பாயில் படுப்பது போல.

கெட்டிக் கம்பி இருந்தது. எடுக்கவில்லை.
மேசை இழுப்பறையிலிருந்து
தங்கூசி நரம்பை உருவியதும்
திறந்த வாயோடு
எத்தனையாம் நம்பர் என்று
கண்ணாலேயே கேட்டாள் நம்புசெல்வி.

இரண்டு பக்கத்துப் பல்லோடும் சேர்த்து
நரம்பு வைத்து ஒட்டினேன்.
"ஆடுதே டாக்டர், இறுக்கிக் கட்டுங்க."
ராக்குவுக்கு நான் பதில் சொல்லுமுன்
நாற்காலியில் கிடந்தவளின் இரண்டு கைகள் எழுந்தன.
ஒரு கை வள்ளம். ஒரு கை முளைக்குச்சி.
நீர் ஏறுகிறது, வள்ளம் ஏறுகிறது,
கயிற்றில் தொய்வு இல்லையென்றால்
குச்சி பிடுங்கிக்கொண்டு போகும்.

இரண்டு வாரத்துக்கு அந்தத் தொய்வு.
கஞ்சி. ஊசி. மாத்திரை.
பத்தாம் நாள், இறந்த நரம்பை எடுத்து மருந்து வைத்தேன்.
முங்கக் கூடாது என்றதற்கு
அமாவாசையை விரலில் எண்ணினாள்.

மூன்று மாதம் கழித்து
கண்ணாடிக் காம்பால் தட்டிப் பார்த்தேன்.
பக்கத்துப் பல்லில், ஈர மரத்தில் தட்டும் சத்தம்.
இதில், ஈரம் கொஞ்சம் குறைவு.

படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது
எட்டிப் பார்த்தாள்.
"இது என்ன கோடு, கருப்பா, முடி மாதிரி?"
பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில்
விட்டுவைத்த இடம்.
"இந்தப் பக்கம் காணோமே?"

ஒரு நகத்தின் அகலம்.
அங்கே எலும்பு
வேரைத் தன்னுடையதென்று நினைத்துவிட்டது.
இனி மெதுவாகத் தின்னும்.
ஐந்து வருடம், பத்து வருடம்,
யாருக்குத் தெரியும்?

வாசலில் ராக்கு,
உள்ளே வராமல்,
செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக.

அவளுக்கும் கேட்கும்படி சொன்னேன்:
படம் அந்தப் பக்கம் சரியா விழலை.

நம்புசெல்வி என்னையே பார்த்தாள்,
அன்றைக்கு அந்தக் கட்டத்தில்
நான் எழுதி முடிக்கும்வரை
பார்த்துக்கொண்டிருந்தாளே, அதே போல.
வெளியே வந்ததும் தனியாகக் கேட்டாள்,
உதடு அசையாமல்:
"எத்தனை வருசம்?"
சொன்னேன்.
தலையாட்டினாள்.

"பௌர்ணமி கழிச்சு வாரேன்.
ராக்கு, டோக்கனை எடு."